பானெட்டுக்குள் ஒரு டப்பா

காஸ்டிக் சோடா போடச் சொன்னது நான்தான். இதை வெளியில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

என் கணவர் அப்போது சந்தாபுராவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். வீடு நகரின் மறுகோடியில், காக்ஸ் டவுனில். தினமும் எங்கள் பழைய காரில் போய்வருவார். பாதி நேரம் சிக்னலில் நின்றே கழியும். நின்ற இடத்தில் வண்டி குடிக்கிற பெட்ரோலை நினைத்து அவருக்கு வயிறு எரியும். ஒரு நாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு ஆள் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, கார் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, கிளம்பி வரும் வாயுவைக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் விடுகிறான். தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறதாம், அது பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து மைலேஜ் கூடுகிறதாம்.

நான் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுப்பவள். தண்ணீரைப் பிரிக்கிற மின்சாரமும் அதே பெட்ரோலிலிருந்துதானே வருகிறது, இதில் லாபம் எங்கே என்று கேட்டேன். அவர் அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் சிவாஜிநகருக்குப் போய், பழைய இரும்புக் கடையிலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் வாங்கி வந்தார். வாட்டர் ஃபில்டரின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கூடு டப்பா ஆயிற்று.

முதலில் தண்ணீரில் ஆப்பசோடா கலந்தார். இரண்டே நாளில் அது சாக்கடை நிறத்துக்கு வந்துவிட்டது. என்னிடம் கேட்டார். மாணவர் நோட்டில் தப்பைத் திருத்துகிற கை, சும்மா இருக்கவில்லை. ஆப்பசோடா கூடாது, பாத்ரூம் அடைப்புக்கு வைத்திருக்கிற காஸ்டிக் சோடாதான் சரி என்றேன். அன்று மாலையே டப்பாவுக்குள் பால் பொங்குவதுபோல் நுரைத்தது.

அவர் சோப்புத் தண்ணீரில் அந்த வாயுவை ஊதி, ஒரு குமிழியை எரிகிற குச்சி நுனியால் பற்ற வைத்துக் காட்டினார். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் சங்கிலியை அறுத்துக்கொள்வதுபோல் துள்ளியது. வகுப்பில் ஹைட்ரஜனைத் தனியாகப் பிடிப்போம், சின்னதாக ஒரு சத்தம் வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். இங்கே இரண்டு வாயுவும் கலந்தே வந்தன. ஒரு பொறி விழுந்தால் போதும், வெளிக்காற்றுகூட வேண்டாம். எனக்கு அது தெரியும். சொல்லவும் செய்தேன். டப்பாவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் புட்டி வைத்திருக்கிறேன், தீ திரும்பி வராது என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். பல வருஷமாக வேலையிலிருந்து எரிச்சலோடு வருகிற மனிதர், அந்த நாட்களில் விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

மைலேஜ் கூடியதா என்று கேட்டால், கூடிய நாளைப் பற்றி மட்டும் பேசினார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒரு மாலை அவர் வண்டியை ஷெட்டில் விட்டு, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். துணி எடுக்கப் போன எனக்கு பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும்போது கேட்குமே, அந்த மாதிரி. இன்ஜின் நின்ற பிறகும் டப்பாவுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது, வாயு உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மின்சாரத்தை நிறுத்த வேண்டிய ரிலே சுவிட்ச் சில நேரம் ஒட்டிக்கொள்கிறது, சனிக்கிழமை மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி, பானெட்டைத் தட்டினார். சத்தம் நின்றது.

சனிக்கிழமை காலை ஷெட்டின் ஷட்டரைப் பாதி ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். டப்பா மறுபடி எந்நேரம் கொதிக்கத் தொடங்கியிருந்ததோ. பேட்டரி முனையைக் கழற்ற ஸ்பேனரை வைத்திருக்கிறார், பொறி பறந்திருக்கிறது. நான் அடுப்படியில் இருந்தேன். ஜன்னல் அதிர்ந்தது. ஓடிப் பார்த்தால், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கத்தவில்லை. தரையெல்லாம் பிளாஸ்டிக் சில்லு, சிந்திய காஸ்டிக் தண்ணீர் காலுக்கடியில் சோப்புபோல் வழுக்கியது.

அமிலம் பட்டால் மேலோடு நிற்கும், காரம் உள்ளே இறங்கிக்கொண்டே போகும். வருஷாவருஷம் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். அவரைத் தரையில் உட்காரவைத்து, நிலத்தடித் தொட்டியின் சம்ப் மோட்டாரைப் போட்டு, விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு நேராகக் குழாயைத் திருப்பினேன். அவர் போதும் விடு, போதும் விடு என்று கெஞ்சினார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றார். அவரையும் காக்க வைத்தேன்.

வலது கண் தப்பியது. இடது கண்ணுக்கு இன்று வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்த பிறகு அவர் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி வண்டியிலயும் ஒண்ணு மாட்டிக் குடுத்திருக்கேன்."

என் கொழுந்தனார் சந்தாபுராவிலேயே குடியிருந்தார். இரண்டு பிள்ளைகள். அங்கேயே வராந்தாவில் நின்று அவருக்கு போன் செய்தேன். நாளைக்கே கழற்றிவிடுகிறேன் அண்ணி என்றார். அடுத்த வாரம் கேட்டபோது, கழற்றியாயிற்று என்றார்.

கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். சாப்பிட்டுக் கிளம்பும் நேரம், கொழுந்தனார் தெருமுனையிலிருந்த வண்டியைக் கேட் அருகே கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். பிள்ளைகள் பின்சீட்டில் ஏறினார்கள். கேக் பொட்டலத்தைக் கொடுக்கப் போன நான் வண்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

பின்கதவைத் திறந்து பிள்ளைகளை இறங்கச் சொன்னேன்.

"என்ன பெரியம்மா?" என்றாள் பெரியவள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"இது வேற அண்ணி," என்றார் கொழுந்தனார். "அண்ணன் செஞ்ச தப்பெல்லாம் சரி பண்ணித்தான் போட்டிருக்கேன்."

அவர் மனைவி அவரையே பார்த்தாள். "எங்கிட்ட கழட்டிட்டேன்னு சொன்னாரு அக்கா," என்றாள், என்னிடம்.

விபத்துக்குப் பிறகு என் கணவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொட்டதில்லை. அன்று படியிறங்கி வந்தார். தம்பியிடம் சாவியை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் உள்ள போங்க. நீயும்தான்டா."

பானெட்டைத் திறந்துவைத்தார். முதலில் ரப்பர் குழாயை உருவி, வாயுவை வெளியே விட்டார். விலகி வந்து மதில் ஓரமாக நின்றார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு, வலது கண்ணால் பார்ப்பதற்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, உள்ளே கை விட்டார். ஜன்னலில் பிள்ளைகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்ற எனக்கு, அந்தச் சாய்ந்த தலை மட்டும் தெரிந்தது. நான் ஜெபிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன், எதை என்று தெரியாமல்.

டப்பாவை எடுத்துத் தரையில் வைத்தார். அவர் செய்ததைவிடப் பெரியது, நேர்த்தியானது. வாயுவின் அழுத்தத்தில் அதன் வயிறு லேசாகப் புடைத்திருந்தது.

கொழுந்தனார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். அதன்பின் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கொழுந்தனார் போனில் நன்றாகத்தான் பேசுகிறார். வண்டியைப் பற்றிக் கேட்டால் பேச்சைப் பிள்ளைகளின் பரீட்சைக்கு மாற்றிவிடுகிறார். சில சாயங்காலங்களில் என் கணவர் தம்பியைக் கூப்பிடுவார். "எங்க இருக்க?" என்று மட்டும் கேட்பார். வீட்டில் என்று பதில் வந்தால், சரி என்று சொல்லி வைத்துவிடுவார். ரோட்டில் என்று வந்தால், வீடு போய்ச் சேர்ந்ததும் சொல் என்பார். அந்த போன் வரும்வரை சாப்பிட உட்கார மாட்டார். நானும்தான்.