எதிர்வீட்டு அக்காவுக்கு நான் சொன்ன யோசனை

பி.காம். முடித்த புதிதில் யார் கிடைத்தாலும் பிடித்துவைத்து அரசாங்கக் கடனைப் பற்றிப் பேசுவேன். அப்படி ஒருநாள் மாட்டியவர் எதிர்வீட்டு அக்கா. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். அம்மா இருக்கும் அதே மகளிர் குழுவில் லோன் வாங்கியிருந்தார்.

"கடன்னாலே பயமா இருக்குது பாப்பா."

"எதுக்குக்கா பயம்? கவர்மெண்டே புதுக்கடன் வாங்கித்தான் பழசை அடைக்குது. நீங்களும் வேற எடத்துல வாங்கிக் கட்டிடுங்க. சுத்தி விட்டுக்கிட்டே இருக்கணும்."

"படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுவ" என்றார். அடுத்த வாரமே இன்னொரு லோன் கம்பெனியில் வாங்கிவிட்டார். அது போதாமல் பழைய கடனிலும் பாதி நின்றது. இப்போது வாரத்துக்கு இரண்டு தவணை.

பிறகு கோடை மழை. பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்தது. மறுபடி விளையும்வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

அம்மாவின் குழுவில் ஒருத்தர் தவணை கட்டாவிட்டாலும் மற்றவர்கள் கூட்டத்துப் பாயைவிட்டு எழக்கூடாது. மழைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில்தான் கூட்டம். பத்து பெண்களும் மதியம்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"என் மீனு கூடையிலயே கருவாடாவுது. கம்மலைக் கழட்டேன்டி!" என்றார் ஒருத்தர்.

"அது அடகுக்குப் போயி ஆறு மாசமாச்சு" என்றார் அக்கா. சிலர் சிரித்தார்கள்.

வசூலுக்கு வந்த கம்பெனிக்காரர் நிமிர்ந்தார். "வேற கம்பெனிலயும் வாங்கியிருக்கீங்களாமே. யாரு குடுத்த ஐடியா?"

நான் கதவோரம் போனைப் பார்ப்பதுபோல நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் இல்ல சார். என் புத்திதான்."

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்காத ஜென்மம்! எம்பொண்ணு எதிர்லயேதான இருக்குது, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?"

நான் போனையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருடைய தவணையைக் கட்டினார்கள். செருப்பை மாட்டும்போது அக்கா மெதுவாகக் கேட்டார். குத்தலே இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மழை வந்து வேலை நின்னா கவர்மெண்டு என்ன பண்ணும் பாப்பா?"

மழை பெய்தாலும் கவர்மெண்டுக்கு வரி வந்துகொண்டே இருக்கும். சோப்பு வாங்கும்போது இவரும்தான் கட்டுகிறார். இதையெல்லாம் நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். "பாத்துப் போங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அது என் யோசனைதான் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தவணை நாளில் அவள் அதே வார்த்தையால்தான் அக்காவைத் திட்டுகிறாள். அவரும் கேட்டுக்கொண்டு போகிறார்.