நூலில் அளந்த கால்

வளரும் பிள்ளைக்குச் செருப்பு தைப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. பிள்ளையை நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் கால் வேறு, உடம்பைச் சுமக்கும் கால் வேறு. இரண்டு காலையும் அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. நடந்து கால் விரிந்திருக்கும் சாயங்கால வேளை உத்தமம். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரலளவு இடம் விட வேண்டும். முப்பது வருஷம் தாலுகா கச்சேரியில் குப்பை கொட்டியவன் நான். எதற்கும் நடைமுறை சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் இதை நான் எந்த அரசாணையிலும் படிக்கவில்லை.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்பு தேறி, கம்பத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடக்கப் போகிறேன் என்றானதும், எனக்குத் தோல் செருப்பு தைப்பதென்று பெரியப்பா தீர்மானித்தார். வீட்டுப் பிள்ளைகளில் யாருக்கும் அதுவரை செருப்பு கிடையாது. பெருமையில் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செருப்புத் தைப்பவர் வந்தார். இப்போது அவர் என்று எழுதுகிறேன். பெரியப்பாவைவிட மூத்த அந்த மனிதரை அன்று நான்கூட 'நீ' என்றுதான் பேசுவேன். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தவர், எங்கள் தெரு முனையில் தன் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் உள்ளே வருவார். வாசலுக்கு எட்ட நின்றுகொள்வார். எங்களைத் தொடக் கூடாது. ஆகவே அளவெடுக்கும் வேலை, அதில் ஒன்றும் தெரியாத பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தது.

ராகுகாலத்துக்கு முன்பாக முடித்துவிட வேண்டும் என்று, விடிந்ததும் விடியாததுமாக என்னைப் பெஞ்சியில் உட்கார வைத்து, வலது காலில் மட்டும் நூல் பிடித்தார் பெரியப்பா.

"சின்னச்சாமிய நிக்க வச்சு அளந்தா நல்லாருக்கும் சாமி," என்றார் செருப்புத் தைப்பவர்.

"ஏலே, கால் அளக்க எனக்கு நீ சொல்லித் தாரியா?"

பெரியப்பா முடிச்சுப் போட்ட நூலைத் தரையில் போட்டார். செருப்புத் தைப்பவர் குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

நூல் சொன்னபடி மயிரிழை பிசகாமல் செருப்பு வந்தது. முதல் நாளே வார் புறங்காலை அறுத்தது; கட்டைவிரல் முனை தாண்டிக் கல்லில் இடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா மகன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். தினம் சாயங்காலம், "கடிக்குதாண்ணே? கடிச்சாச் சொல்லிருண்ணே," என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பான். நான் சொன்னால் செருப்பு அவனுக்குப் போய்விடும். பத்து நாளில் நகம் கறுத்துச் சீழ் கோத்தது. வழியெல்லாம் நொண்டுவேன், ஊர் எல்லையில் நிமிர்ந்துகொள்வேன்.

செருப்புத் தைப்பவரின் குடிசை ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் இருந்தது. ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தவனை நிற்கச் சொன்னார். கரையின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. இரண்டு காலையும் ஊன்றி நிற்க வைத்து, மண்டியிட்டு, என் காலைக் கையில் பிடித்து விரல் விரலாக அமுக்கிப் பார்த்தார்.

"வளர்ற காலு சாமி. அது வளந்து போறதுக்கும் எடம் விட்டுத் தைக்கணும்."

ஒரு தோல் துண்டில் என்னை ஏற்றி, இரண்டு காலையும் சுற்றிக் கரியால் கோடு போட்டார். மறுநாள் வரச் சொன்னார். வீட்டில் யாராவது கேட்டால் நூலளவுதான் என்று சொல்லச் சொன்னார். அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் புதுச் செருப்பைத் தந்து பழையதை வாங்கிக்கொண்டார். வலியில்லாமல் நடந்து வீடு வந்தேன். வாசலில் பங்காளிகள் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா என் நடையைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"நான் பிடிச்ச நூலு. பிசகுமா?"

ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் பேர் வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பிற்பாடு கச்சேரியில் அது பழகிவிட்டது.

"நூல் இல்ல பெரியப்பா. அவன் என் காலப் பிடிச்சு, அமுக்கிப் பாத்துல்ல தச்சான்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு பேரோடு வாய்க்கால் பக்கம் நடந்தார். அம்மா என்னைக் கொல்லைக்கு இழுத்துப்போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். செருப்புத் தைப்பவர் கை பட்ட காலைச் சாம்பல் வைத்துத் தேய்த்தாள். அவர் கை தைத்த செருப்பை மறுநாள் அதே காலில் மாட்டி அனுப்பினாள். அதற்குத் தடை ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. பெரியப்பா அன்று இருட்டுவதற்குள் திரும்பி, வழக்கம்போலச் சாப்பிட்டார்.

அந்த வாரமே குடிசையில் படல் சாத்திக் கிடந்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

தை மாதத்தில் என் விரல்கள் செருப்பின் விளிம்பைத் தொட்டன. படலுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. என் கால் வளரும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே, அப்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று நெடுநேரம் அங்கேயே நின்றேன்.