இடது பெட்டி முதலில்

தேங்காய் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதைப் போல, படச்சுருள் டப்பா ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஜெயபாலன் மோட்டார் சைக்கிளில் ஏற்றுவார். முதல் நான்கு டப்பாக்கள் இடது பக்கப் பெட்டியில், அடுத்த நான்கு வலது பக்கப் பெட்டியில். இடது பெட்டியின் மூடியில் மட்டும் ஒரு குங்குமப் பொட்டு.

"எடது மொதல்ல, வலது பொறவு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதான்" என்பார். தட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டால், "அழுவுற படமா சிரிக்கிற படமான்னு தெரியும்லா. அழுவுற படம் கொஞ்சம் கனமா இருக்கும்" என்று பதில் வரும். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

மலாக்கா டவுனில் மூன்று மணிக்கு ஓடும் தமிழ்ப்படம், பதினைந்து மைல் தள்ளி அலோர் காஜாவில் ஐந்து மணிக்கு ஓட வேண்டும். இரண்டு கொட்டகைக்கும் படம் ஒன்றுதான். டவுனில் முதல் பாதி ஓடி முடிந்ததும் அந்த எட்டுச் சுருளையும் சுற்றி டப்பாவில் போட்டுக் கொடுப்பார்கள். ஜெயபாலன் கொண்டுபோய்ச் சேர்ப்பார். உடனே திரும்பி வந்து, இரண்டாம் பாதியையும் எடுத்துக்கொண்டு ஓடுவார். ஆறு வருஷமாக இதுதான் வேலை. வழியில் காஜா பெராங் குடியிருப்புப் பெண்கள் அவர் வண்டிச் சத்தத்தைக் கேட்டு, "மொதப் பாதி போவுது, உலைய வை" என்பார்கள்.

இவ்வளவு படத்தைச் சுமந்த மனிதர் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. டவுனில் காத்திருக்கும்போது இடைவேளைக்கு முந்திய கொஞ்சம். அலோர் காஜாவில் தலைப்பும் அதன் பின்னே பத்து நிமிஷமும். தலைப்பு வந்தால் கை தட்டுவார். நடுவில் நடப்பதையெல்லாம் அவரே தைத்துக்கொள்வார். அவர் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டுப் படம் பார்க்கப் போனவர்கள், "ஜெயபாலன் கதைதான் மேலு" என்று சொல்வதும் உண்டு.

அவருடைய வண்டி, தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. இரட்டை சிலிண்டர், அகலமான கைப்பிடி, கட்டில்போல நீண்ட இருக்கை. நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. "பெரியவரு" என்றுதான் கூப்பிடுவார். பெரியவர் நிதானமானவர். இரண்டு பக்கமும் பெட்டி துருத்திக்கொண்டிருப்பதால், முன்னே ரப்பர் பால் ஏற்றிய கித்தா லாரி போனால் பெரியவரும் அதன் பின்னாலேயே ஊர்வார்.

நீண்ட இருக்கையின் பின்பாதி சந்திரமதிக்கு. அவள் ஜெயபாலனின் மனைவி. டவுன் கொட்டகையில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கிழிப்பவள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் இருந்தால் ஐந்தாவதாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கவுண்டர் ஓட்டை வழியாகக் கைகளை மட்டும் பார்த்தே எவள் மாமியாரோடு வந்திருக்கிறாள், எவள் வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவாள். யாரிடமும் சொல்லமாட்டாள்.

முதல் பாதியை ஏற்றியதும் அவளும் ஏறிக்கொள்வாள். அவர்கள் வீடு காஜா பெராங்கில்தான். வீட்டுச் சந்து முனையில் வண்டி நிற்பதற்குள் குதித்துவிடுவாள். மொத்தம் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில் அவர் பேசிக்கொண்டே வருவார், பாதி காற்றோடு போய்விடும். அவள் அவர் முதுகில் விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் மெதுவாக. இரண்டு என்றால் போகலாம்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு முள்: அந்த விசில்.

அலோர் காஜாவில் அவர் போய்ச் சேர ஐந்து பத்தாகிவிடும். ஐந்தடித்தால் கொட்டகைக்குள்ளிருந்து விசில் கிளம்பிவிடும். வாசலில் வண்டி நின்றதும் அது இரண்டு மடங்காகும். "கட்ட வண்டி வந்துருச்சிடோய்!" என்று ஒரு குரல். "மாட்டுக்குத் தண்ணி காட்டு!" என்று இன்னொன்று. ஜெயபாலன் பல்லைக் காட்டிக்கொண்டே பெட்டிகளைக் கழற்றுவார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மட்டும், சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. அது சந்திரமதிக்குத்தான் தெரியும்.

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், துணிக்கடை அப்துல் ஹமீது ஒரு வண்டி வாங்கினார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாயின் பந்தய வண்டி. வெள்ளிபோல மின்னும் பெட்ரோல் டாங்கி, தாழ்ந்த கைப்பிடி, ஒரே ஒரு ஆள் உட்காரும் இருக்கை. கால் வைக்கும் இடம் எங்கோ பின்னால். ஓட்டுகிறவர் டாங்கியின் மேல் குப்புறப் படுக்க வேண்டும். ஹமீது பாய்க்குத் தொந்தி, படுக்க விடவில்லை.

"பாத்ததும் மனசு போயிருச்சு தம்பி, வாங்கிட்டேன். இப்ப நான் குனிஞ்சா வவுறு வேணாங்குது" என்று ஜெயபாலனிடம் வந்து நின்றார். "துணி மூட்டைய எங்க கட்றது? ஒன் பெரியவர எனக்குக் குடு. இத நீ வச்சிக்க. வண்டிக்கு வண்டி, வேற பேச்சே இல்ல. ஒரு வாரம் மாத்தி ஓட்டிப் பாப்போம். ஞாயித்துக்கெழம வாரேன். அன்னிக்கு ஒரே பேச்சா சொல்லிரு."

திங்கட்கிழமை ஜெயபாலன் அலோர் காஜாவுக்கு நாலே ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு விசில் இல்லை. வீட்டுக்கு வந்து நின்றபடியே சோறு சாப்பிட்டார்.

"லாரி என்னா, பஸ்சு என்னா, எல்லாம் பின்னால போவுது சந்திரா! மரமெல்லாம் ஓடுது!"

"மரம் ஓடலங்க. நீங்கதான் ஓடுறீங்க."

சந்து முனையில் அவர் போவதை அவள் பார்த்திருந்தாள். முழங்கை இரண்டும் மேலே தூக்கி, முதுகில் எட்டு டப்பாவும் அடைத்த கித்தான் பையோடு, வெட்டுக்கிளி ஒன்று கட்டிச்சோறு எடுத்துக்கொண்டு போவதைப் போல இருந்தது. சிரிப்பு வந்தது. பிறகு முந்தானையால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அந்த வாரம் முழுக்க டவுனிலிருந்து நடைதான், இல்லையென்றால் பஸ். அவரிடம் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது என்னவென்று சொல்வது?

பையில் ஒரு சங்கடம் இருந்தது. பெட்டி என்றால் சுருள் வர வர அடுக்கலாம். பைக்கு அடியில் போட்டது கடைசியில்தான் வெளியே வரும். ஆகவே எட்டும் வரும்வரை காத்திருந்து, ஐந்து முதல் எட்டு வரை ஒரு கட்டாக அடியிலும், ஒன்று முதல் நாலு வரை இன்னொரு கட்டாக மேலேயும் வைக்க வேண்டும். வெள்ளி வரைக்கும் பொறுமையாக அப்படித்தான் வைத்தார். சனிக்கிழமை, இன்னும் மூன்று நிமிஷம் மிச்சம் பிடிக்கலாமே என்று ஆசை வந்துவிட்டது. முதல் கட்டு வந்ததுமே பைக்குள் போட்டார். இரண்டாவது கட்டு வந்ததும் அதன்மேல் போட்டார். பறந்தார்.

அலோர் காஜாவில் படம் ஓட்டுகிற சேதுராமன், ஆறு வருஷமாக டப்பாவின் நம்பரைப் பார்த்தவரல்ல. இடது பெட்டி, வலது பெட்டி, அவ்வளவுதான் அவர் கணக்கு. பெட்டி போய்ப் பை வந்ததும், மேல் கட்டு, அடிக்கட்டு என்று மாற்றிக்கொண்டார். மேல் கட்டைப் பிரித்தார். மெஷினில் ஏற்றினார்.

எடுத்த எடுப்பில் கதாநாயகன் பிள்ளைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். தலைப்பைக் காணோம். ஜெயபாலன் பின்னால் நின்று பத்து நிமிஷம் ரசித்தார். "புது மாதிரி எடுத்திருக்கான். சுத்தி வளைக்காம நேரா கொழந்தைக்கு வந்துட்டான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு டவுனுக்குக் கிளம்பினார். அவர் போன பிறகு, படம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து நடுவில் படத்தின் பெயர் வந்தது. இரண்டாம் பாதியோடு அவர் திரும்பி வந்தபோது திரையில் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. ஜெயபாலன் சேதுராமனின் தோளைத் தொட்டார்.

"பாரேன், அதுக்குள்ள ரெண்டாங் கல்யாணமா? அந்தப் புள்ளையோட அம்மா என்னா ஆனா?"

சேதுராமன் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், அம்மாவேதான்யா அது! இப்பத்தான் தாலி கட்றான்!"

இதை ஜெயபாலனே வந்து சொன்னார். சொல்லும்போது சந்திரமதிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார். "நம்பர் பாத்துப் போட்டா சரியாப் போயிரும். வண்டி மேல தப்பு இல்ல. விசிலு இல்லல்ல, அது போதும்" என்றார். அப்படியென்றால் மனசு முடிவாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

ஞாயிறு காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது ஹமீது பாய் பெரியவரின் மேல் வந்து இறங்கினார். இறங்கவே மனமில்லாதவர்போல இறங்கினார்.

"தம்பி, இதுல ஒக்காந்தா சோபால ஒக்காந்த மாரி இருக்கு. எங்க வூட்டுக்காரி ரோஷன் பீவி எப்பவும் எங்கூட வெளிய வரமாட்டா. நேத்துப் பின்னால ஏறி செமாபோக் வரைக்கும் வந்துட்டா! இன்னொரு ரவுண்டு போலாங்கிறா. என்னா சொல்ற, மாத்திக்கலாம்தான?"

சந்திரமதி கதவோரத்திலிருந்து இருக்கையைப் பார்த்தாள். பின்பாதி வேறு யாரோ உட்கார்ந்த மாதிரியே தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். ஜெயபாலன் வாயைத் திறக்கும் முன் அவள் குரல் வந்தது. அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ என்றிருந்தது.

"அண்ணே, சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்க."

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"ஏங்க, நம்ம கொட்டகைல மூணு மணிக்கா படம் போட மணி அடிக்கிறாங்க?"

"மூணு மணிக்குத்தான்... இல்ல, மூணு பத்தாவும்."

"ஏன் பத்தாவுது? பொம்பளைங்க கவுண்டர் மூடாம மணி அடிக்கக் கூடாதுன்னு மேனேஜர் வச்சிருக்காரு. செமாபோக் பஸ்சுல வர்ற பொம்பளைங்களுக்காக நான் மூடாம இருக்கேன். நீங்க அங்க லேட்டா போறது இந்தப் பத்து நிமிசந்தான். பெரியவரு மேல தப்பு இல்ல. எம்மேல."

ஜெயபாலன் கையிலிருந்த இடியப்பம் கையிலேயே இருந்தது. "ஆறு வருசமா வாங்குன விசிலு ஒன்னாலயா?"

"அது நேத்துத்தாங்க எனக்கே தோணிச்சு. இன்னிக்கு நான் மூணு மணிக்கு மூடிடுறேன். நீங்க பெரியவர எடுத்துட்டுப் போங்க. அங்க கூட்டத்துல ஒரு விசிலு கேட்டாலும் பெரியவரு அண்ணனுக்கு."

ஹமீது பாய் தொந்தி குலுங்கச் சிரித்தார். "தங்கச்சி வாயத் தொறந்தா சட்டம் மாதிரில்ல இருக்கு! ஆவட்டும், சாயங்காலம் வரைக்கும் இந்தக் குட்டிச்சாத்தான நான் தள்ளிக்கிட்டுத்தான் போவணும்."

அன்று மூன்று மணிக்குச் சந்திரமதி கவுண்டர் பலகையைச் சாத்தினாள். மேனேஜர் ஒரு தரம் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மணியை அடித்தார். அவள் டிக்கெட் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் பெண்கள் பக்கக் கதவருகே நின்றுகொண்டாள். பஸ்ஸிலிருந்து பிள்ளையும் கையுமாக ஓடிவந்த பெண்களுக்கு அங்கேயே கிழித்துக் கொடுத்து, இருட்டில் ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "என்னாக்கா, படம் போட்டாச்சா?" என்று ஒருத்தி பதறினாள். "பேருதான் ஓடுது, போ போ" என்றாள். ஆறு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் அவள் சத்தம்போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

நாலே இருபத்தைந்துக்கு எட்டு டப்பாவும் தட்டி ஏற்றியாயிற்று. இடது நான்கு, வலது நான்கு. ஜெயபாலன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இருக்கையின் பின்பாதியை ஒரு தரத்துக்கு இரண்டு தரமாகத் துடைத்தார். அவள் ஏறிக்கொண்டாள்.

காஜா பெராங் சந்து முனை வந்தது. வண்டியை ஓரம் கட்டினார். அவள் இறங்கவில்லை. முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

"எங்க வர்ற?"

மறுபடி இரண்டு தட்டு.

வழியில் ஒரு கித்தா லாரி, பெரியவர் அதன் பின்னாலேயே போனார். ஜெயபாலன் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். முதுகில் ஒரு தட்டு. கழுத்து உள்ளே போயிற்று. ரப்பர் பால் நாற்றத்தோடு நாலு மைல் அப்படியே போனது. அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். பாதிதான் காதில் விழுந்தது. இவ்வளவு தூரம் அவர் என்னதான் பேசுவார் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது: படத்தின் நடுப்பகுதியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அலோர் காஜா கொட்டகை வாசலில் வண்டி நின்றபோது ஐந்துக்கு ஒரு நிமிஷம். வெளியே நின்றவர்கள் கச்சான் கடலையை மென்றபடி வண்டியைப் பார்த்தார்கள். பிறகு, படம் போட்டுவிடுவான் என்று உள்ளே நடந்தார்கள். ஒருவரும் வாயில் விரல் வைக்கவில்லை. கட்டை வண்டி என்று யாரும் கத்தவில்லை. சேதுராமன் வந்தார், குங்குமப் பொட்டு வைத்த பெட்டியைக் கழற்றினார், போய்விட்டார். உள்ளே விளக்கு அணைந்தது. தலைப்பு இசை கேட்டது.

ஜெயபாலன் வலது பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பழக்கப்பட்ட இடத்தில் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இன்னும் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த சந்திரமதியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, வாசலில் இருந்த கோழியெல்லாம் சிதறி ஓடும்படி நீளமாக ஒரு விசில் அடித்தார்.