டவுட்டு என்று பெயர் வாங்கியவள்

பல் மருத்துவக் கல்லூரியில் முதல் இரண்டு வருடம் உயிருள்ள வாயைத் தொட விடமாட்டார்கள். மேசை விளிம்பில் ரப்பர் கன்னம் வைத்த பொம்மைத் தலையை மாட்டி வைத்திருப்பார்கள். அதன் பிளாஸ்டிக் பற்களைக் குடைந்து, அடைத்துப் பழக வேண்டும். பொம்மைத் தலையில் அவளைப் போல வேலை செய்தவர்கள் அந்த வகுப்பில் யாருமில்லை. மெழுகில் அவள் செதுக்கிய கடைவாய்ப் பல்லை, அடுத்து வரும் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக லேபில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்தார்கள்.

அப்பா பஸ் டிரைவர். அம்மா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். அண்ணன் டயர் கடையில் வேலை பார்த்தான். அப்பாவுக்கு வாய் ஓயாது. கியர் மாற்றும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் மகள் புராணம்தான் என்று கண்டக்டர் கேலி செய்வார். அவருக்கே கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தை. யார் சொன்னாலும் போய்க் காட்டமாட்டார். "கண்டவன் கையெல்லாம் என் வாய்க்குள்ள எதுக்கு? டாக்டரம்மா படிச்சு முடிச்சுட்டு வந்து எடுப்பா" என்பார்.

மூன்றாம் வருடம் நிஜ நோயாளிகள் வந்தார்கள். அவளுக்கு முதலில் வந்தவர் நடுத்தர வயது ஆள், பேச்சுக்காரர். கீழ்த் தாடை மரத்துப்போக ஊசி போட வேண்டும். நன்றாகப் பழகியவர்களுக்கே சில நேரம் தவறிப்போகும் ஊசி அது. போட்டாள், மரக்கவில்லை. மறுபடி போட்டாள், அப்போதும் இல்லை. பேராசிரியர் வந்தார். சிரிஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு நோயாளியிடம் திரும்பி, "இவ கையில வாயக் குடுத்திருக்கீங்களே, உங்க தைரியம் யாருக்கு வரும்!" என்றார்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். திறந்த வாயோடு அந்த ஆளும் சிரித்தார். அவளும் சிரித்தாள். யாரும் திட்டவில்லை, துரத்தவில்லை. பேராசிரியர் அடுத்த நாற்காலிக்குப் போவதற்குள் அதை மறந்திருப்பார்.

மறுநாள் கருவியை எடுத்ததும் அவள் பக்கத்து நாற்காலித் தோழியைக் கூப்பிட்டு, "சரியா இருக்கா, பாரேன்" என்றாள். அந்தத் தோழிதான் விடுதியிலும் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். கைப்பந்து ஆடுகிறவள் என்பதால் அவளைக் 'கேப்டன்' என்பார்கள். கேப்டன் போட்ட அடைப்பு ஒரே வாரத்தில் பெயர்ந்து வந்துவிடும். ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போடுவாள். "தப்பு பண்ணாலும் மூஞ்சில காட்டாதடி. பேஷண்ட் உன் கையவா பாக்கறான்? மூஞ்சியத்தான் பாக்கறான்" என்பாள்.

இவளுக்கு அது வரவில்லை. யாராவது பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஊசி போடமாட்டாள், குடையமாட்டாள். கொஞ்ச நாளில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்கூட யாரையாவது பார்க்க ஆரம்பித்தாள். வகுப்பே அவளை 'டவுட்டு' என்று கூப்பிட்டது. வாய்மொழித் தேர்வில் சரியான பதிலைக்கூட, "இன்ஃபெக்ஷன் கழுத்துக்கு இறங்கும்... இல்லையா சார்?" என்று இழுப்பாள். "எனக்குச் சொல்றியா, என்னக் கேக்கறியா?" என்று எரிந்து விழுந்து, மதிப்பெண்ணைப் பாதியாக்கினார் தேர்வாளர். கஷ்டமான நோயாளிகளை அவளாகவே கேப்டனிடம் தள்ளிவிட்டாள். பதிலுக்குக் கேப்டனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

கடைசி வருட விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அப்பாவின் தாடை வீங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னாள். பாதிதான் திறக்க முடிந்தது. வீக்கம் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவி, கட்டை போலக் கெட்டியாக இருந்தது. நாக்கு மேலே தூக்கி நின்றது. எச்சில் விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். பேச்சு கொழகொழத்தது. இது என்னவென்று அவளுக்குத் தெரியும். மூச்சை அடைக்கும் என்பதும் தெரியும்.

"அப்பா... பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா நல்லதோ?" என்றாள்.

"பல்லுவலிக்குப் பெரிய ஆஸ்பத்திரியா? நீயே புடுங்கிப் போடு" என்றார் அப்பா.

அண்ணன் தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் கன்னத்தை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்து மாத்திரை எழுதினார். அவள் பின்னால் நின்றுகொண்டு, "டாக்டர், நாக்கு கொஞ்சம் தூக்கின மாதிரி இல்லையா?" என்று கேட்டாள்.

"படிக்கிற பொண்ணாம்மா? படிக்கும்போது அப்படித்தான், எந்த வியாதியப் படிக்கிறோமோ அது எல்லார்கிட்டயும் இருக்கற மாதிரியே தோணும்" என்று சிரித்தார் டாக்டர்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. சொல்ல வேண்டியவர் சொல்லிவிட்டார், நாம்தான் தப்பாக நினைத்தோம் என்ற நிம்மதி. அதைத்தான் பிற்பாடு அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை அப்பாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். அவள் கேப்டனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பி, "நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டாள்.

போனில் கேப்டன் கத்தினாள். "லூசா நீ? இந்தப் பாடத்த எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதானடி! பேசிட்டு நிக்காம தூக்கிட்டு ஓடு!"

அண்ணன் டயர் கடை வண்டியைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் கழுத்தை அறுத்துச் சீழை எடுத்தார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் தங்கியது. அறுவை செய்த டாக்டர் வெளியே வந்து, "நேத்தே வந்திருந்தா இவ்வளவு அறுத்திருக்க வேணாம். வீட்ல யாரும் வாயத் தெறந்து பாக்கலயா?" என்றார். அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

வாரங்கள் கழித்துக் குழாயை எடுத்தபோது அப்பாவுக்குக் குரலாகத் திரும்பி வந்தது கரகரத்த காற்றுதான். கழுத்து இறுகிப்போய்ப் பக்கவாட்டில் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க முடியாதவரிடம் பஸ்ஸைக் கொடுப்பார்களா? டிப்போவில் சாவி வாங்கி மாட்டும் வேலை கொடுத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அந்தக் குரலை வைத்துக்கொண்டு, "எம் பொண்ணு அப்பவே சொன்னா. நாந்தான் கேக்கல" என்றார்.

"நான் சொல்லலப்பா" என்று ஒரு தடவை மட்டும் அவள் வாய்விட்டுச் சொன்னாள். அவர் கையை அசைத்து அவளை அடக்கிவிட்டார்.

அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. கல்லூரி நடைபாதையில் பார்த்த பேராசிரியர் உண்மையான வருத்தத்தோடு, "நல்லா வேலை செய்ற கையாச்சேம்மா உனக்கு, ஏன் விட்டுட்ட?" என்று கேட்டார். முன்பு சொன்னது எதுவும் அவர் நினைவில் இல்லை. அடுத்த வருடம் எழுதி, எப்படியோ தேறினாள். கேப்டன் சொந்தமாகக் கிளினிக் போட்டுக் கூடவே வரச்சொல்லிக் கூப்பிட்டாள். இவள் போகவில்லை. கல்லூரி எக்ஸ்ரே அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே படம் எடுப்பதோடு அவள் வேலை முடிந்துவிடும். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேறு டாக்டர் இருந்தார்.

ஒரு நாள் ஒரு பெண்ணின் படத்தில் பல்லின் வேருக்குக் கீழே கறுப்பாக ஏதோ தெரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதினார். அவள் அவர் மேசைக்குப் போய், "இருக்கு சார்" என்றாள். இந்தத் தடவை கேள்வியாக இழுக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அதில் ஒன்றுமே இல்லை. முதல் படத்தில் தெரிந்தது வெறும் நிழல்.

"சரி, அடுத்தவங்கள அனுப்புங்க" என்றார் அவர். அவ்வளவுதான், சிரிக்கக்கூட இல்லை. அவள் கதவுவரை போய், அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாள். வாய் உலர்ந்திருந்ததால் இரண்டாவது முறைதான் சத்தம் வந்தது.