மணல் எழுத்துக்காக வல்லை வெளி தாண்டிப் போன நாள்

யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் பிள்ளைகளோடு போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதை என்றால் எனக்கு 1973 மாசியில் போன பயணம்தான் நினைவுக்கு வரும். இனிமையான பயணம் அல்ல. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு உரும்பிராயில். அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, தங்கச்சி பவானிக்கு ஏழு. பவானிக்கு எழுத்து ஏறவில்லை. கரும்பலகையில் பார்ப்பது ஒன்று, சிலேட்டில் வருவது வேறொன்று. பள்ளியில் பிரம்படி, தெருவில் ‘மொக்கு’ என்ற பெயர். நெல்லியடிக்கு அப்பால் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறுவர் பள்ளியில் எழுத்தைக் கையால் தொடவைத்தே படிப்பிக்கிறார்கள் என்று அம்மா சந்தையில் கேள்விப்பட்டு வந்தா. சைவப் பிள்ளைகளையும் சேர்ப்பார்களாம். நெல்லியடியில் மாமி வீட்டில் நின்று படிக்கலாம் என்று ஏற்பாடு. அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் அம்மா களைத்துப்போனா.

காலை பஸ்ஸில் அப்பாவும் நாங்கள் இருவரும் ஏறினோம். நெல்லியடிக்குப் பன்னிரண்டு மைல் வரும். ஆளுக்கு அறுபது சதம் என்று நினைவு. வல்லை வெளியில் ஒதுங்க மரமே இல்லை. காற்று பஸ்ஸைச் சரித்துவிடும்போல அடித்தது. யன்னலோரம் இருந்தால் கண்ணெல்லாம் தூசிதான்.

நெல்லியடியில் ஒரு வாடகைக் கார் பிடித்தோம்.

“மதர்மாரின்ரை பள்ளிக்கோ? என்ரை மோளும் அங்கைதான். வீட்டை வந்து சிரட்டையளை அடுக்கிக் கணக்குச் செய்யிறாள்,” என்றார் சாரதி.

“நீங்கள் வேதமோ?” என்று அப்பா கேட்டார். கிறிஸ்தவரோ என்பதுதான் கேள்வி.

“இல்லை அண்ணை. நாங்கள் கடலோடிற சனம். எங்களுக்குப் பிள்ளையார்தான்.”

அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்படியொரு வகுப்பறையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெள்ளை அடித்த சுவர், பிள்ளைகளின் உயரத்துக்கு யன்னல். ஒரு பிள்ளை செம்பிலிருந்து கிண்ணத்துக்குச் சிந்தாமல் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று செவ்வரத்தம்பூவைப் போத்தலில் வைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி திருப்பி வைத்தது. ஒருவரும் கத்தவில்லை.

வகுப்பை நடத்திய சிஸ்டர் பவானியின் கண்ணைக் கைலேஞ்சியால் கட்டினார். பசை தடவி மணல் ஒட்டிய எழுத்துப் பலகைகளை முன்னால் வைத்து, அவளின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பிறகு இடம் மாற்றி வைத்தார். பவானி தானே தடவினாள்.

“ம… ர… ம். மரம்!”

அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

கட்டை அவிழ்த்ததும் பவானி மூலையிலிருந்த சின்ன மேசைக்கு ஓடினாள். அங்கே மரத்தில் செய்த மேய்ப்பரும் செம்மறிகளும் இருந்தன. ஒரு குட்டியை எடுத்து மேய்ப்பரின் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி கைக்குள் பொத்திக்கொண்டாள். “இவர் ஆர்?” என்று கேட்டாள்.

“யேசு,” என்றார் சிஸ்டர்.

அப்பா எழும்பினார். “எழுத்தை மட்டும் சொல்லிக் குடுங்கோ, சிஸ்டர். கும்பிட்டுக் கேக்கிறன்.”

“வடிவான ஒண்டைத் தொட்டாப் பிள்ளை கேள்வி கேக்கும், ஐயா. கேட்டா நான் மறைக்க மாட்டன். பொய் சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க எனக்கு மனமில்லை.”

“யேசுவைப் பற்றிச் சொல்லுற நேரம் அவள் முற்றத்திலை இருக்கட்டுமே?” என்றேன் நான்.

“எல்லாரும் உள்ளுக்கை இருக்க இவளை மட்டும் வெளியிலை விடுறதோ? அது அடிக்கிறதை விட மோசம், பிள்ளை.”

“அப்ப வேண்டாம். நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்?” என்றார் அப்பா. பவானியின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அந்தக் குட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பஸ்ஸில் அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டு முற்றத்து மணலில் நானும் எழுதிக் காட்டிப் பார்த்தேன். ஆசை இருந்தது, முறை தெரியவில்லை. அடுத்த வருடமும் அவளை அதே வகுப்பில் இருத்தினார்கள். பதினொரு வயதில் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் மறித்துவிட்டார்கள். இன்றைக்கும் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறாள்.

அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்க எனக்குக் கனகாலம் எடுத்தது. சிஸ்டரை இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டு பேரும் நேர்மையானவர்கள்தான், தெரியும். அந்த நேர்மையில் இழந்தது பவானி மட்டும்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே புறப்படுங்கள், வல்லை வெளி வெயில் பொல்லாதது. போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கள். பிள்ளையைச் சேர்க்கவென்று போகிறீர்கள் என்றால், பெரியவர்கள் நீங்கள் முதலில் தனியாகப் போய்க் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வாருங்கள். சேர்ப்பது நிச்சயமான பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அந்த அறையை அதற்குக் காட்டாதீர்கள்.