மாரியம்மன் கேட்காத விரதம்

அம்மனை நம்பியிருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கு இதைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

போன பங்குனியில், ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டு ஏழாம் நாள். செவ்வாய்க்கிழமை. கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தது. குடம் கைநழுவியது. அங்கேயே சுருண்டு விழுந்தேன். வலியைவிட அதிர்ச்சிதான் பெரிது. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த வலி. சிறுநீரகக் கல்!

அது எப்படித் திரும்ப வரும்? இரண்டு வருடம் முன்பு முதல் கல் வந்தபோது, "தாயே, ஆபரேஷன் இல்லாமல் இது போய்விட்டால், செவ்வாயும் வெள்ளியும் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருக்கிறேன். இனி கல்லே வரக்கூடாது" என்று வேண்டிக்கொண்டேன். கல் தானாகவே போய்விட்டது. நானும் சொன்ன சொல் தவறவில்லை. விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலை எனக்கு. தகரக் கூரை, அனல் அடிக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கூட வேலை செய்கிறவர்கள் சொம்பை நீட்டினால் முறைப்பேன். அத்தனை வீம்பு!

நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் அடைத்து வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. "இப்படியே வந்துக்கிட்டிருந்தா கிட்னிக்கே ஆபத்துங்க" என்றார் டாக்டரம்மா. எவ்வளவு தண்ணீர் குடிப்பேன் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

"வாரத்துல ரெண்டு நாளு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாளுங்க. கல்லு வரக்கூடாதுன்னுதானுங்க விரதம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அட, தண்ணி பத்தாமத்தானுங்க கல்லே வருது!"

நன்றி சொல்வதாக நினைத்துக்கொண்டு, நானே எனக்குக் கல் வளர்த்திருக்கிறேன்!

கல்லை உடைத்து எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த செவ்வாயும் நெருங்கியது. குடித்தால் சாமி குற்றம். குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும். என் வாக்கு தவறி, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? செவ்வாய் காலையில் கோயிலுக்கு ஓடினேன். "நீயே வழி சொல்லு தாயே" என்று தேம்பினேன்.

அம்மனின் உத்தரவுக்காகப் பூ கேட்டோம். பூசாரி அண்ணன் அம்மனின் இரண்டு தோளிலும் பூ வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். "தண்ணீர் குடிக்கட்டுமா?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை, வலப்பக்கப் பூ பொத்தென்று விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"குடிங்க சாமி" என்று தீர்த்தம் கொடுத்தார் பூசாரி. "ஊரே தண்ணி ஊத்தி ஆத்தாளக் குளுர வெக்கறோம். உங்களையக் காயப்போடச் சொல்லி அவ எப்பக் கேட்டா?"

கோயில் வாசலிலேயே ஒரு சொம்புத் தண்ணீரை அழுதுகொண்டே குடித்தேன்.

இப்போதும் இரண்டு நாளும் விரதம் உண்டு. சோறு மட்டும்தான் தொடமாட்டேன். தறிக்கூடத்துக்குப் பெரிய பாட்டிலோடு போகிறேன். சிறுநீர் தெளிவாகப் போகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். உப்பு அதிகம் என்று ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்துவிட்டேன். போன மாத ஸ்கேனில் புதுக் கல் எதுவும் இல்லை. தாயே, உனக்குக் கோடி கும்பிடு!

நீங்களும் அவளை நம்புங்கள். வேண்டுதல் வைப்பதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு வருடம் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரே ஒரு நாள் கேட்டேன். உடனே பதில் சொல்லிவிட்டாள்.