பெரியம்மா உட்கார்ந்த நாற்காலி

வயதானவர்கள் சும்மா முடங்கிக் கிடக்கக் கூடாது என்று அரசாங்கத்துக்கு அந்த வருடம் கவலை வந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் முதியோர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறிப் போகும் அந்தத் தோட்டத்தில் முடங்கிக் கிடந்த கிழவிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. முடங்கியவர்கள் சீக்கிரமே செத்துப்போனார்கள்.

அம்மாவின் அக்காவான பெரியம்மா எங்களோடுதான் லயத்து வரிசை வீட்டில் இருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும், ஆள் பற்றாத நாட்களில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவாள். முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்குவதற்காக முழங்கால் வலிக்க மலையேறினாள். அதில் இருந்த வேடிக்கை எங்கள் வீட்டில் யாருக்கும் சிரிப்பாகத் தெரியவில்லை. வயதானவர்களில் யாரை மலைக்கு விடுவது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் முடிவு. அதனால் அவள் காலையில் கண்டாக்கையா வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நொண்டவே மாட்டாள். சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நொண்டுவாள்.

சங்கத்தின் முதல் விழா வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் அதிகாரி, நல்ல மனிதர், கிழவிகளுக்குச் சங்கீதக் கதிரைப் போட்டி வைத்தார். துரைதான் பிரதம விருந்தினர்.

பாட்டு நின்றது. கிழவிகளும் நின்றார்கள். நாற்காலிகளுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. துரைக்கு முன்னால் உட்காருவது அவர்கள் உடம்புக்கே பழக்கமில்லாத காரியம்.

"பாட்டு நிண்டா கதிரையில இருக்கோணும் அம்மா. வெக்கப்படாதேங்கோ" என்றார் அதிகாரி.

"பரவால்லங்க சார், நாங்க இப்படியே நிக்கிறோம்" என்றாள் பெரியம்மா.

மறுபடி பாட்டு, மறுபடி அதே கூத்து. துரையே சிரித்துக்கொண்டு உட்காரச் சொல்லிக் கை காட்டியும் ஒருத்தியும் அசையவில்லை. மூன்றாம் முறை அதிகாரி பாட்டை நீளமாக ஓடவிட்டார். சுற்றிச் சுற்றி வந்த பெரியம்மாவின் முழங்கால் மடங்கியது. நாற்காலி இருந்ததால் தரையில் விழாமல் அதில் விழுந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. முற்றமே கை தட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, எங்க பெரியம்மா எங்க பெரியம்மா என்று எல்லோரிடமும் சொன்னேன். துரை தன் கையாலேயே பரிசுக் கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டார். அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை கூடையோடு பெரட்டுக்குப் போனவள், பனி விலகும் முன்னே வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள்.

"ஒடம்பப் பாத்துக்கட்டும்னு தொர சொன்னாராம். இனி மலைக்கு வர வேணாம்னு கண்டாக்கையா சொல்லிட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னாள்.

துரை நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருப்பது அதுதான். கோபப்பட ஒருவரும் இல்லை.

அன்று பள்ளி விடுமுறை. பெரியம்மா பகலெல்லாம் வீட்டில் இருக்கப்போகிறாள் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோள் லேசாக நடுங்கியது. குளிருகிறது போல என்று நினைத்து, பரிசுக் கம்பளியை எடுத்து வந்து கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டேன்.